இளசு எத்தனை என்றும் எழுதுவோம்: தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

2011-லிருந்து தை பிறந்துவிட்டால் தொலைநோக்கியும் நோட்டுமாகக் குளத்தங்கரை ஏறுகிறோம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டக் குளங்களுக்கும் இன்று ஒரு கணக்கு இருக்கிறது என்றால் அது இந்தக் கூட்டம் பனியில் நின்று சேர்த்தது. அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன். அடுத்த கணக்கெடுப்பிலிருந்து கடற்காகங்களுக்கு (ஆங்கிலத்தில் gull) மட்டுமாவது ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண் எழுதுவோம்: முதிர்ந்தது எத்தனை, இளசு எத்தனை.

இருக்கிற வேலை போதாதா என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கடற்பறவைகள் சீக்கிரம் சாவதில்லை. பல இனங்களில் வளர்ந்த பறவை பத்தில் ஒன்பது அடுத்த ஆண்டைப் பார்த்துவிடும். குஞ்சு வளர்ந்து தானே கூடு கட்ட ஆலா (tern) என்ற நீர்ப்பறவைக்கு மூன்று நான்கு வருஷம் ஆகும். பெரிய அல்பட்ராஸுக்குப் பத்து வருஷம்கூட ஆகும். ஆகவே குஞ்சுகள் வரிசையாக நாலைந்து ஆண்டு தேறாமல் போனாலும் மொத்தத் தலை எண்ணிக்கை பெரிதாக அசையாது. கிழடுகள் அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டிருக்கும். நோட்டில் ஐந்நூறு என்று எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவோம். அந்த ஐந்நூறில் போன வருஷம் பிறந்தது இருபதா நூற்றிருபதா என்பதுதான் பின்னால் வரப்போவதைச் சொல்லும்.

சரி, பிறந்து பறந்துவிட்டால் போதுமா? எப்படி வளர்ந்தது என்பதும் கூடவே வருமா? இதைத் தேடிப் பல நாடுகளில் ஆயுள் முழுக்க உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

அலாஸ்காவில் மிடில்டன் என்று ஒரு தீவு. அமெரிக்க விமானப்படை ரேடார் நிலையம் வைத்திருந்து கைவிட்ட இடம். பாழடைந்த கோபுரத்தின் வெளிப்பக்க விளிம்புகளில் கிட்டிவேக் என்ற சின்னக் கடற்காகங்கள் வரிசையாகக் கூடு கட்டின. ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு கூட்டுக்கும் பின்னால் சுவரில் ஒரு ஜன்னல். உள்ளிருந்து பார்த்தால் பறவை தெரியும், பறவைக்கு ஆள் தெரியாது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். 1996 முதல் சில கூடுகளுக்கு மட்டும் அந்தக் குழாய் வழியே மீனைத் தள்ளிவிடுகிறார்கள். மற்றவை கடலை நம்பித்தான் பிழைக்க வேண்டும். ஒரே கோபுரம், ஒரே காற்று, ஒரே கடல், வித்தியாசம் தீனியில் மட்டும். கடலில் மீன் வற்றும் ஆண்டுகளில் கூட்டின் இரண்டாவது குஞ்சு தப்புகிறதா இல்லையா என்பதை அங்கே முகத்துக்கு நேராகப் பார்க்கலாம்.

பசித்த குஞ்சின் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். அது ஏறினால் குஞ்சு ஓயாமல் கத்தும், கத்தினால் அப்பனும் ஆத்தாளும் கூடுதலாக மீன் கொண்டுவரும். அன்றைக்கு அது லாபம். ஆனால் கூண்டில் வளர்த்த கிட்டிவேக் குஞ்சுகளுக்கு அந்த ஹார்மோனை மட்டும் கூட்டி வைத்து, பல மாதங்கள் கழித்துச் சோதித்தார்கள். கண்ணால் பார்த்த அடையாளத்தை வைத்துத் தீனி இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்வதில் அவை பின்தங்கின. வயிறு காய்ந்த கடன் மூளையில் வந்து விழுகிறது. கடலில் மீன் எங்கே கூடும் என்பதைக் கற்றுக்கொண்டுதான் வாழ வேண்டிய பறவைக்கு இது சின்ன நஷ்டமில்லை.

வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, எதனால் நிறைகிறது என்பதும் உண்டு. சிவப்புக்கால் கிட்டிவேக் குஞ்சுகளுக்குக் கொழுப்புக் குறைந்த தீனி கொடுத்தபோது வளர்ச்சியும் குன்றியது, கற்கும் திறனும் குன்றியது. இதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுப்பேறிய சாளைக்கும் வற்றிய சாளைக்கும் என்ன வித்தியாசம் என்று உவரிக் கடற்கரையில் மீன் விற்கும் எந்த அக்காளிடம் கேட்டாலும் கையில் எடுத்துக் காட்டிவிடுவார்.

ஜெர்மனியில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுக ஊரில் இன்னொரு வேலை நடக்கிறது. அங்கே ஓர் ஏரியில் கூடு கட்டும் ஆலாக்களின் குஞ்சுகளுக்கு 1992 முதல் தோலுக்கடியில் ஒரு சின்ன மின்னணு அடையாளம் வைத்துவிடுகிறார்கள். வருஷங்கள் கழித்து அது திரும்பி வந்து உட்கார்ந்தால் ஏரிக்கரைக் கருவி அடையாளத்தைப் படித்துக்கொள்ளும். பறவையைப் பிடிக்கவே தேவையில்லை. பறக்கத் தொடங்கிய நாட்களில் எடை நன்றாக ஏறியிருந்த குஞ்சுகள்தாம் அடுத்து வந்த ஆண்டுகளில் கூடுதலாக உயிரோடு திரும்பின.

இதுவரை படித்தவர்கள் ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று முடித்துவிடுவீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மெக்சிகோவின் இசபெல் தீவில் நீலக்கால் பூபி என்ற கடற்பறவை இருக்கிறது. கூட்டில் இரண்டு குஞ்சு இருந்தால் மூத்தது இளையதைத் தினமும் கொத்தி அடக்கும். இளையது தலையைக் குனிந்தே வளரும், தீனியும் குறைவாகவே கிடைக்கும். இப்படி அடிபட்டு வளர்ந்தவை சீக்கிரம் செத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆய்வாளர்கள் வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்து 2011-இல் எழுதினார்கள்: அப்படி வளர்ந்ததால் சாவு கூடவில்லை. கூட்டிலேயே நோஞ்சான்கள் கழிந்துவிட்டன, சல்லடையில் தங்கியவைதான் பறந்தன என்பது ஒரு விளக்கம். தாக்குப்பிடிக்கும் உடம்பு அந்த இனத்துக்கே உண்டு என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகப் படுகிறது. எப்படியானாலும், ஓர் இனத்தில் கண்டதை அடுத்த இனத்தின் தலையில் கட்ட முடியாது. ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இனி நம் குளங்களுக்கு வருகிறேன். விஜயநாராயணம் பெரிய குளத்திலோ உவரிக் கரையிலோ பனிக்காலத்தில் உட்கார்ந்திருக்கும் பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத், மத்திய ஆசிய மேட்டு நிலங்களின் ஏரிகளில் பிறந்தது. அந்த ஏரிக்கரைக்கு நாம் போய்க் கூடு எண்ண முடியாது. ஆனால் போன கோடையில் அங்கே குஞ்சு தேறியதா என்பதை அதன் வாலே இங்கே கொண்டுவந்து காட்டுகிறது. முதல் பனிக்காலத்துப் பறவை இறக்கையை விரித்ததும் வால் நுனியில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை தெரியும், இறக்கையின் மேல் பழுப்புத் திட்டுகள் இருக்கும், கண் கறுப்பாக இருக்கும். முதிர்ந்ததற்கு வால் முழு வெள்ளை, கண் வெளிறியது, கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு. கூட்டம் எழும்பும்போது போனில் நாலு படம் எடுத்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்தே பிரித்துவிடலாம். பெரிய கடற்காகங்களில் இன்னும் சுலபம். முழு வெள்ளை-சாம்பல் உடுப்பு வரவே நாலு வருஷம் போல ஆகும், அதுவரை பழுப்புப் புள்ளியாகத் திரியும்.

மீசை ஆலாவை விட்டுவிடுவோம். அதன் குஞ்சு முதுகுப் பழுப்பு ஜனவரிக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பிரிக்கப் போனால் நமக்குள் சண்டைதான் வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இளசுகளும் முதிர்ந்தவையும் ஒரே இடத்தில்தான் பனிக்காலம் கழிக்கும் என்று கட்டாயமில்லை. ஒரு குளத்தில் ஒரு வருஷம் எடுத்த விகிதத்தை வைத்துக்கொண்டு பத்திரிகைக்குச் செய்தி கொடுத்துவிடாதீர்கள். அதே குளம், அதே வாரம், அதே முறை என்று பல வருஷம் சேர்ந்தால்தான் அந்த எண் பேசத் தொடங்கும். முடிந்தால் கூட்டப்புளியிலிருந்து கூடுதாழை வரை கடற்கரையையும் ஒரு பாதையாகச் சேர்த்துக்கொள்வோம். கடற்காகத்தைக் குளத்தில் மட்டும் தேடுவது சரியில்லை.

அப்புறம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அங்கே கூடு கட்டுவது நாரையும் கூழைக்கடாவும். அலாஸ்காவில் கண்டது இவற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. பொருந்துமா என்று பார்க்க நம்மிடம் எண்ணே இல்லை என்பதுதான் என் குறை. நாம் போகும் ஜனவரியில் பல கூடுகளில் முட்டைதான் இருக்கும். சித்திரையில் பறக்கப்போகும் குஞ்சு கூட்டுக்கு எத்தனை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வனத்துறை வாட்சர்களுக்குத் தெரியும், நம் நோட்டுக்குத்தான் தெரியாது. மரத்திலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியின் ஊர் அது. கேட்டால் சொல்ல அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை அடுத்து வந்த பருவத்தில் கூட்டுக்கு எத்தனை தேறியது என்று எழுதி வைத்திருந்தால், அந்தக் குஞ்சுகள் கூடு கட்ட வரும் வயதில் அந்தத் தாள் கையில் இருந்திருக்கும். மஞ்சள்மூக்கு நாரை நாலு வயது வாக்கில்தான் கூடு கட்டும்.

எனவே வன அலுவலரிடம் அனுமதி வாங்கி, சித்திரையில் ஒரு நாள், கூட்டுக்கு அருகே போகாமல் கரையிலிருந்தே, கண்ணுக்குத் தெரியும் கூடுகளில் குஞ்சு எண்ணலாம். அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டையும் பேசுங்கள். படிவத்தில் புதுப் பத்தியை எப்படிச் சேர்ப்பது என்று ஒரு மாதிரித் தாளும், வால் பட்டைப் படங்களும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
நாங்குநேரி பக்கத்துக் கணக்கெடுப்பாளர் ஒருவர்