பத்திரமான நாடு எது என்று கேட்டிருந்தாய்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது என்று ஒரு வாரம் ஏகப்பட்ட கூடாதுகள். இப்போது நன்றாகத் தெரிகிறது. வீட்டுச் சுவரில் இத்தனை அழுக்கு இருந்ததா என்று திகைப்பாகவும் இருக்கிறது.

பணி ஓய்வுக்கு வாழ்த்து. "இனி ஊர் சுற்றப் போகிறேன், அதுவும் தனியாக" என்று நீ எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். அதற்கு அடுத்த வரியிலேயே வீட்டில் நடந்த களேபரமும் இருந்தது. நீ ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால் உன் மகன் அந்த நாட்டில் நடந்த கொலை, கொள்ளை, வெடிகுண்டு என்று ஏதாவது செய்தியைத் தேடி எடுத்து அனுப்புகிறானாமே. இப்படியே போனால் கடைசியில் உனக்கு மிஞ்சப்போவது மொட்டை மாடிதான்.

"நீதான் நாலு நாடு பார்த்தவளாயிற்றே, பத்திரமான நாடு எது, சொல்" என்று கேட்டிருக்கிறாய். ஐஸ்லாந்து என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். உலக அமைதிக் குறியீடு என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறதே, அதில் 2008 முதல் அந்த நாடுதான் முதலிடம். ஆனால் அந்தப் பட்டியல் நாட்டைத்தான் அளக்கிறது, அங்கே போய் இறங்கப்போகிற ஆளை அளப்பதில்லை. இது எனக்குப் புரிந்தது ஒரு விமான நிலையத்தில்.

அலுவலக வேலையாக நானும் கூட வேலை பார்த்தவளும் சேர்ந்து போயிருந்தோம். ஒரே விமானம், ஒரே ஹோட்டல், ஒரே அழைப்புக் கடிதம். அவள் கல்யாணமாகிப் போன நாட்டின் குடியுரிமை வாங்கியிருந்தாள். அந்தப் பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேண்டாம். இயந்திரத்தின் மேல் பாஸ்போர்ட்டை வைத்தாள், கண்ணாடிக் கதவு திறந்தது, போய்விட்டாள். என் வரிசையில் இருந்த அதிகாரி திரும்பிப் போகிற டிக்கெட்டைக் கேட்டார். கொடுத்தேன். ஹோட்டல் பதிவைக் கேட்டார். கொடுத்தேன். கையில் எவ்வளவு பணம் என்றார். சொன்னேன். அப்புறம் பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஆறு பேர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது, கடிகாரம் இல்லை. ஐம்பது நிமிடம் கழித்து ஒருவர் வந்து பாஸ்போர்ட்டை நீட்டி "நல்வரவு" என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெளியே அவள் என் பெட்டியையும் தன் தள்ளுவண்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றாள். "எங்கே போனாய்? என்ன அருமையான நாடு, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்றாள்.

அவளிடம் அந்த நாட்டைப் பற்றி விசாரித்தால் ஒரு பதில் வரும். என்னிடம் விசாரித்தால் வேறு பதில் வரும். இரண்டுமே உண்மைதான்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. கூட வந்த ஆண்கள் மூன்று பேர் இரவு சாப்பிட்டு முடித்ததும் ஆற்றங்கரை வரை காலாற நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "தூக்கம் வருகிறது" என்றேன். அவளும் கொட்டாவி விட்டாள். தூக்கமாவது ஒன்றாவது! அவர்கள் பாதி வழியில் டாக்ஸி பிடித்து எங்கேயாவது போய்விட்டால் நாங்கள் இருவர் மட்டும் எப்படித் திரும்பி வருவது என்ற கணக்கு இருவர் மனதிலும் ஓடி முடிந்திருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட அவளுடைய பாஸ்போர்ட் அந்தத் தெருவில் எதற்கும் உதவவில்லை.

பெண்ணின் பயணத்துக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. 1766இல் பிரெஞ்சுக் கப்பல் பயணம் ஒன்றில் தாவரவியல் அறிஞர் ஒருவரின் உதவியாளாக ஜான் பாரே என்ற பெண் ஆண் வேடத்தில் ஏறினாள். கடற்படைக் கப்பலில் பெண் ஏறக் கூடாது என்பது விதி. உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அவளைத்தான் சொல்கிறார்கள். நீ வேடம் போட வேண்டியதில்லை, கவலைப்படாதே. உன் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், நாட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எழுதிய வழிகாட்டி ஒன்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்று ஒரு தபால்காரர் இருந்தார், கறுப்பினத்தவர். 1936இல் அவர் ஒரு சிறு கையேடு போட ஆரம்பித்தார். கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் எந்த விடுதியில் அறை கொடுப்பார்கள், எங்கே சாப்பாடு போடுவார்கள், எங்கே முடிவெட்டுவார்கள், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்ற பட்டியல்தான் அது. அந்த நாட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு எந்த விடுதியின் கதவையும் தட்டலாம். இவர்கள் காரிலேயே படுக்கக் கம்பளி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. போகப் போகக் கையேட்டில் கனடா, மெக்சிகோ, பெர்முடா என்று வெளிநாட்டு முகவரிகளும் சேர்ந்தன. இந்தக் கையேட்டை அச்சிடவே தேவையில்லாத நாள் ஒன்று வரும் என்று முன்னுரையில் எழுதியிருந்தார்கள். கிரீன் 1960இல் இறந்துவிட்டார். இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் 1964இல் வந்தது. 1966–67 பதிப்போடு கையேடு நின்றது.

அது நின்றுவிட்டதே தவிர அந்தப் பழக்கம் நிற்கவில்லை. 2017இல் கறுப்பினத்தவருக்கான பழைய உரிமை அமைப்பு ஒன்று, தங்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கிற மிசௌரி மாநிலத்துக்குப் போகும்போது கவனம் என்று பயண எச்சரிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் கனடா அரசு தன் ஓரினச் சேர்க்கையாளர்களிடமும் திருநர்களிடமும், அமெரிக்காவில் சில மாநிலச் சட்டங்கள் உங்களைப் பாதிக்கலாம், பார்த்துப் போங்கள் என்றது. அமெரிக்கா உலகத்துக்கே எச்சரிக்கைப் படிகள் போடுகிற நாடு என்பதை நினைத்துக்கொள்.

உன் மகன் அனுப்பியிருந்ததும் அந்தப் படிகள்தானே? 1 என்றால் வழக்கமான கவனம், 2 என்றால் கூடுதல் கவனம், 3 என்றால் பயணத்தை மறுபரிசீலனை செய், 4 என்றால் போகாதே. பிரான்சும் ஜெர்மனியும் பல காலமாக 2இல்தான் இருந்துவருகின்றன, பயங்கரவாத அபாயம் என்ற காரணத்தோடு. அதைப் பார்த்து பாரிஸ் போகாமல் நின்றவர் யாரையும் எனக்குத் தெரியாது. அதே 2 என்ற எண் நமக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் வயிற்றைப் பிசைகிறது. பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் நிற்கிறோம். அந்த எச்சரிக்கைகளை எண்ணோடு விட்டுவிடாமல் உள்ளே போய்ப் படிக்கச் சொல் அவனை. நாடு முழுக்க 2 என்று போட்டு, குறிப்பிட்ட எல்லைப் பகுதிக்கு மட்டும் 4 என்று எழுதியிருப்பார்கள். தனியாக வரும் பெண்களுக்கு ஒரு பத்தி இருக்கும். உனக்கு வேண்டியது அந்தப் பத்திதான்.

இரண்டு குடியுரிமை இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்போம் இல்லையா? மேலே சொன்னேனே அந்தத் தோழி, அவளுடைய தம்பி மனைவிக்கு ஈரானியப் பூர்வீகம், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அம்மாவைப் பார்க்கப் போகவே யோசிக்கிறாளாம். ஈரான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அங்கே இறங்கினால் அவள் ஈரானியப் பெண் மட்டும்தான். 1930இல் ஹேக் நகரில் செய்த உடன்படிக்கை ஒன்றும் இதையே சொல்கிறது: ஒருவர் தன் இன்னொரு நாட்டோடு சிக்கலில் மாட்டினால் அங்கே போய் இந்த நாடு தூதரகப் பாதுகாப்புத் தர முடியாது. இதே போல் ஈரான், பிரிட்டன் இரண்டின் குடியுரிமையும் கொண்ட நாசனின் ஸகாரி ராட்க்ளிஃப் பெயரை நீ செய்தியில் பார்த்திருப்பாய். குடும்பத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு லண்டன் திரும்பக் கிளம்பியவரை 2016 ஏப்ரலில் டெஹ்ரான் விமான நிலையத்தில் பிடித்தார்கள். வீடு திரும்பியது 2022 மார்ச்சில். உன்னையும் என்னையும்விட அந்த ஊரை நன்றாகத் தெரிந்தவளுக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம்.

என் அண்ணன் மகனும் அவனுடைய துணைவனும் போன வருடம் ஒரு தீவுக்குப் போகத் திட்டம் போட்டார்கள். "ஒரு கட்டில் அறையா, இரண்டு கட்டில் அறையா?" என்று ஹோட்டலில் கேட்பது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவர்கள் அதற்குப் பதில் சொல்லும் முன் அந்த நாட்டின் குற்றவியல் சட்டத்தைப் படித்தார்கள். ஓரினச் சேர்க்கை இன்னும் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் குற்றம். கடைசியில் வேறு தீவுக்குப் போனார்கள். கடல் அதே நீலம்தான், படம் அனுப்பினான்.

சரி, பயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உன் மகன் கத்திக்குத்துச் செய்தியை அனுப்புகிறான், சாலையைப் பற்றி ஒன்றும் அனுப்புவதில்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்தில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் பலர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள்; அப்படிப் போய் அடுத்த ஓராண்டில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கணக்குப் போட்டார். ஆகவே நீ எங்கே போனாலும் இரவுப் பேருந்தில் ஏறாதே, இருசக்கர வாகனம் வாடகைக்கு எடுக்காதே. உன்னைத் தெரிந்ததால் சொல்கிறேன், இரண்டாவதை நீ செய்யக் கூடியவள்.

என் பங்குக்கு ஒரு குற்ற ஒப்புதல். ஒரு நாட்டுக்கு அலுவலகத்தில் என்னைப் போகச் சொன்னார்கள். பாதுகாப்பு இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். எந்த எச்சரிக்கையையும் படிக்காமலே மறுத்தேன். அந்த நாட்டு முகங்களை அதுவரை நான் பார்த்ததெல்லாம் சினிமா வில்லன்களாகத்தான். எனக்குப் பதிலாகப் போன பையன் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்து படங்கள் காட்டினான். ஒரு படத்தில் ஒரு பாட்டி பேரனுக்குச் சைக்கிள் பழக்குகிறாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறாள், ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. "இது எந்தத் தெரு?" என்று கேட்டேன். "நீங்கள் தங்கியிருக்க வேண்டிய தெரு" என்றான். நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இப்போது உன் விஷயம். எந்த நாடு என்பதை நான் சொல்ல மாட்டேன். உன் வயதில், உன் மாதிரிப் பாஸ்போர்ட்டோடு, தனியாகப் போய் வந்த பெண்கள் எழுதியதைத் தேடிப் படி. வேறு மாதிரி ஆட்கள் "ஆஹா" என்றாலும் "ஐயோ" என்றாலும் பாதியாகக் குறைத்துக்கொள். ஐரோப்பா என்று முடிவெடுத்தால் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அமெரிக்கா என்றால் இதையும் தெரிந்துகொள்: சுற்றுலா விசா கேட்கிற எல்லோரையும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்று எடுத்துக்கொள்வதில்தான் அவர்கள் சட்டமே தொடங்குகிறது, இல்லை என்று நிரூபிப்பது உன் பொறுப்பு. ஓய்வு பெற்றவளிடம் வேலைச் சான்று இருக்காது. ஓய்வூதியக் காகிதம், வீட்டுப் பத்திரம் எல்லாம் எடுத்து வை. உன் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, வாங்கிய அட்டையிலேயே எடுத்துப் போ. ஒரு நாட்டில் சாதாரண இருமல் மருந்து இன்னொரு நாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உன் பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார். ஆறு மாதமாவது மீதி இருந்தால்தான் பல நாடுகளில் உள்ளே விடுவார்கள். உன்னுடையது கடைசியாக எப்போது எடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தில் உனக்கு இரட்டைப் பின்னல்கூட இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மகனிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அழைக்கிறேன், அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். நீ மட்டும் நடுவில் பேசாதே.

உன் பழைய பெஞ்சுத் தோழி