செசி நம்பரில கை வைக்காத

விசுவமடு.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுறது.

நாங்கள் சுகம். நீயும் சுகமா இருப்பாய் எண்டு நம்புறம். போன் இருக்கேக்க என்ன கடிதம் எண்டு கேப்பாய். நீ எடுக்கிறாயில்லை. எடுத்தாலும் கொம்மாவோட ரெண்டு கதை கதைச்சிட்டு வைக்கிறாய். அதோட இது வயரிங் விஷயம், வாயால சொன்னால் அடுத்த நாள் மறந்துபோவாய். எழுதினதைத் தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள். நீ வேலை செய்யிற சுவரில ஒட்டிவைச்சுப் பாத்துச் செய்.

தைப்பொங்கலண்டு நீ இங்கிலாந்திலயிருந்து அனுப்பின படத்தை இண்டைக்கும் எடுத்துப் பாத்தனான். எக்ஸ்.ஆர். 400 மோட்டச்சைக்கிள், 2003 மொடல். நல்ல மெசின், குறை சொல்லேலாது. ஆனால் பிரேமைத் தனிய எடுத்து, மணலடிச்சு, வெள்ளை எலும்பு மாதிரிச் சாத்தி வைச்சிருக்கிறாய். கழுத்தில வெட்டின செசி நம்பர், மெசினின்ர அடையாள நம்பர், அரைவாசி தேஞ்சு கிடக்கு. அதுக்கு மேல பவுடர் கோட் அடிக்கப் போறன் எண்டு சொன்னனீ. அதுதான் அண்டைக்குச் சத்தம் போட்டனான். பவுடர் கோட் பெயின்ர் மாதிரி இல்லை, தடிப்பா இறங்கி எழுத்தை நிரப்பிப்போடும். அந்த இடத்துக்குச் சூடு தாங்கிற ரேப் ஒட்டிக் குடு. தேய்க்காத, அரம் வைக்காத, வடிவாத் தெரியட்டும் எண்டு மேல திருப்பி வெட்டவும் வேண்டாம். செசி நம்பரில கை வைக்காத. நீ அதுக்குச் சொன்ன மறுமொழியை நான் பெரிசா எடுக்கேல்லை.

இப்ப லைற். எக்ஸ்.ஆரில பற்றறி இல்லை. மக்னெற்றுக்குள்ள இருக்கிற லைற் கொயிலிலயிருந்து ஏசி கறண்ட் நேரா ஹெட்லைற்றுக்குப் போகுது. காட்டுக்குள்ள ஓட அது காணும், றோட்டுக்குக் காணாது. சந்தியில நிக்கேக்க லைற் மங்கும், சிக்னல் மினுங்காது, ஹோண் தவளை மாதிரிக் கத்தும். கொயிலின்ர ஒரு முனை உள்ளுக்க பிளேற்றோட எர்த் ஆகியிருக்கும். அதை வெட்டித் தூக்கி, புது வயர் ஒண்டை ஈயம் வைச்சு ஒட்டி வெளியில எடு. ரெண்டு முனையையும் ஏசியை டிசியாக்கிற புல் வேவ் ரெக்ரிபயர் ரெகுலேற்றருக்குக் குடு. அதிலயிருந்து டிசி வரும். சின்ன 12 வோல்ட் பற்றறி ஒண்டைச் சீற்றுக்குக் கீழ இருத்து. ஈயம் வைச்ச இடத்தில வெறும் ரேப் சுத்தாத, ஒயில் சூட்டில கழண்டு பிளைவீலுக்க போய்ச் சிக்கும். எபொக்சிப் பசை பூசு. எல்.ஈ.டி. சிக்னல் போட்டால் சிக்னலை மினுக்கிற பழைய பிளாசர் விசர் பிடிச்ச மாதிரி அடிக்கும், அதுக்கெண்டு இருக்கிற பிளாசரை வாங்கு. பிறேக் லைற்றுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் சுவிச் வேணும்.

ஹாண்டில் கழுத்தடியில வயருக்கு ஒரு சாண் தளர்வு விடு. ரெண்டு பக்கமும் முட்டத் திருப்பிப் பாத்துப்போட்டுத்தான் கட்டவேணும். என்ர கராஜுக்கு லைற் இல்லையெண்டு வாற மெசினில முக்கால்வாசி அந்தக் கழுத்தடியிலதான் வயர் முறிஞ்சு வாறது. பவுடர் கோட்டுக்கு மேல எர்த் பிடியாது, போல்ற் வாற இடத்தை மட்டும் சுரண்டு. சுரண்டுறது எண்டவுடன கழுத்துப் பக்கம் போயிடாத.

லைற் இல்லாமலும் அங்க எம்.ஓ.ரி. எண்ட வாகனச் சோதினை எடுக்கலாம், பகலில மட்டும் ஓடினாக் காணும் எண்டு சொன்னனீ. தங்கச்சியும் வாசிச்சுப்போட்டு அது உண்மைதான் எண்டாள். இருக்கட்டும். மார்கழியில பின்னேரம் நாலு மணிக்கே இருட்டுது எண்டு சொன்னதும் நீதான். வேலையால வரேக்க மழையும் புகாருமா இருந்தால் மெசினைத் தோளில தூக்கிக்கொண்டே வரப்போறாய்? லைற்றைப் பூட்டு. சின்னனிலயிருந்து என்னோட கறண்ட் வேலை செய்தனீ, உனக்கென்ன தெரியாததே. சண்டை நடந்து பற்றறி தடை செய்த காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள். காபரேற்றருக்க நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டாட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில எம்.டி. 90 மோட்டச்சைக்கிள் ஓடினனாங்கள். கராஜுக்கு வாற ஆக்களுக்கு உன்ர படத்தைக் காட்டினனான். இங்கிலாந்தில தனிய நிண்டு எக்ஸ்.ஆர். பிரிக்கிறான் எண்டு சொல்ல, பழக்கினது ஆர் எண்டு கேட்டினம். நான் ஒண்டும் சொல்லேல்லை.

ரயரிலயும் சைலன்சரிலயும் றோட்டுக்கு இல்லை எண்டு அடிச்சிருந்தால் ரெண்டையும் மாத்து, சோதினையில விடமாட்டாங்களாம்.

பத்திரம்தான் முக்கியம். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட மெசின் எண்டபடியால் பெரிய சோதினை இல்லையாம். எந்த வருஷத்தில செய்தது எண்டு காட்ட ஒரு கடிதம், எம்.ஓ.ரி., வி55/5 எண்ட போம், எல்லாத்தையும் ஸ்வான்சியில இருக்கிற வாகனப் பதிவுக் கந்தோருக்கு அனுப்பினால் நம்பர் வருமாம். வீட்டில பூட்டின மெசினுக்கு அரசாங்கம் தபாலில நம்பர் குடுக்குது! எனக்கு அப்பிடி ஒரு வழி இருந்திருந்தால். அதுசரி, போமில எழுதுற நம்பரும் கழுத்தில இருக்கிற நம்பரும் ஒரு எழுத்தும் பிசகக்கூடாது. எழுத்துத் தேஞ்சிருந்தால் தேஞ்சபடி படம் எடுத்து, இப்பிடித்தான் இருக்கு எண்டு அவங்களுக்கே எழுதிக் கேள். வேற ஆற்றையும் மெசினின்ர பதிவுப் புத்தகத்தை வாங்கி ஒப்பேத்தலாம் எண்டு கூட்டாளியள் சொல்லுவாங்கள். கேளாத.

இஞ்ச காலபோகம் பரவாயில்லை. நெல்லு விலைதான் இல்லை. கொம்மாவுக்கு முழங்கால் நோ. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இந்த முறை வருவியோ எண்டு கேக்கச் சொன்னவ. நான் கேக்கேல்லை எண்டு வை.

இனி எழுதுற பக்கத்தைத் தங்கச்சியிட்டைக் குடுக்கேல்லை. நானே படம் எடுத்து அனுப்புறன், கோணலா இருந்தால் குறை நினைக்காத.

அண்டைக்கு நீ சிரிச்சுக்கொண்டுதான் கேட்டனீ. "அப்பாவோ இதைச் சொல்லுறியள்?" பெரிசா எடுக்கேல்லை எண்டு மேல எழுதினது பொய். மூண்டு மாசமா அந்தக் குரல்தான் காதுக்குள்ள.

2014. அந்த நீல ட்ரெயில் மோட்டச்சைக்கிள். புத்தகம் வைச்சிருந்த மனிசன் தன்ர மெசினைக் கடைசிச் சண்டையில மாத்தளனில விட்டிட்டு வந்தவர். மெசின் வைச்சிருந்த என்னட்டைப் புத்தகம் இல்லை. ஊரெல்லாம் அப்பிடித்தான் செய்தது எண்டு சொல்லி இவ்வளவு காலமும் என்னையே ஏமாத்திக்கொண்டு இருந்தனான். ராத்திரி, ஜெனரேற்றர் வெளிச்சத்தில, பழைய நம்பரை அரத்தால ராவிப்போட்டு, அவற்றை புத்தகத்தில இருந்த நம்பரைப் பஞ்ச் செற்றை வைச்சு அடிச்சனான். கடைசியில வாற ஏழு எண்ட இலக்கம் மற்றதுகளைவிட ஆழமா இறங்கிப்போச்சு. விரல் வைச்சால் தெரியும். பெயின்ர் மூடிப்போடும் எண்டு விட்டனான். அதிலதான் உன்னை வவுனியாவுக்குச் சாமான் எடுக்க அனுப்பினனான். பொலிஸ்காரன் பெற்றோல் துணியால துடைச்சு, ரோச்சைப் பக்கவாட்டில பிடிச்சுப் பாத்தவன் எண்டு நீ சொல்லேக்கயே எனக்குத் தெரியும், அந்த ஏழுதான் எண்டு.

கோர்ட்டில நீ, "நான்தான் வாங்கினனான், அப்பாவுக்குத் தெரியாது" எண்டு சொன்னனீ. நான் பின் வாங்கில இருந்தனான். லோயர் என்ர முழங்கையைப் பிடிச்சவர். எழும்பாதேங்கோ, நீங்களும் உள்ள போனால் கராஜும் இல்லை, வீடும் இல்லை எண்டவர். நான் எழும்பேல்லை. அவர் பெலமாப் பிடிக்கேல்லை, தம்பி. தட்டிவிட்டிருக்கலாம்.

பதினாலு நாள் விளக்கமறியல். நீ வீட்டை வந்த அண்டைக்கு முத்தத்தில அயலட்டைச் சனம் நிக்க, ஆரைக் கேட்டு அந்த மெசினை வாங்கினனீ எண்டு உன்னை ஏசினனான். நீ தலையைக் குனிஞ்சுகொண்டு கிணத்தடிக்குப் போனனீ. கொம்மா இண்டுவரைக்கும் நீ ஆரிட்டையோ ஏமாந்துபோனாய் எண்டுதான் நினைக்கிறா. அவவுக்கு நீயும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை.

2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில, பங்கீட்டுக்குக் கியூஆர் குடுக்க செசி நம்பர் கேட்டவங்கள். கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்காக ஒரு பொடியன் வந்து, நம்பர் ஒண்டு அடிச்சுத் தாங்கோ அண்ணை எண்டு நிண்டவன். ஏலாது எண்டு அனுப்பினனான். அனுப்பிப்போட்டு அண்டைக்கு முழுக்க வேலை ஓடேல்லை. பஞ்ச் பெட்டி இன்னும் மேல் தட்டிலதான் கிடக்கு. எறிஞ்சிருக்கலாம். எறியேல்லை.

கொம்மாவுக்கு நானே சொல்லுறன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் சொல்லுறன்.

கொயிலைக் கழட்டினவுடன படம் எடுத்து அனுப்பு. எர்த் ஆன முனை எது எண்டு நான் பாத்துச் சொல்லாமல் வெட்டிப்போடாத. எத்தினை மணியெண்டாலும் அனுப்பு, நான் முழிப்பாத்தான் இருப்பன்.

அப்பா