செயலாளர் அறிக்கை 2024–25: நம் ஆட்டமும் இந்த நாட்டின் ஆட்டமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நைஜீரியாவின் லாகோஸில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிறானால் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும் நம் கிளப்பின் ஆண்டறிக்கை இது. நம் ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லீக்கில் நடுவாந்திரமாக முடித்தோம், நல்ல பவுலர்கள் சிலர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள், மழைக்காலம் தன் பங்குக்குச் சில ஆட்டங்களை விழுங்கியது. ஸ்கோர் வேண்டுவோர் வாட்ஸ்அப் குழுவில் தேடிக்கொள்ளலாம்.

இந்த வருடம் பேச வேண்டியது நைஜீரிய அணியைப் பற்றித்தான். நவம்பர் 24 அன்று டி20 உலகக் கோப்பைக்கான ஆப்பிரிக்கத் துணை மண்டலத் தகுதிச் சுற்றில், சொந்த மண்ணில், நைஜீரியா 4 விக்கெட்டுக்கு 271 ரன் அடித்தது. செலிம் சலாவ் 112 எடுத்துவிட்டு, போதும் என்று தானே வெளியேறினார். எதிரணி ஐவரி கோஸ்ட் 7 ரன்னில் ஆல் அவுட். ஆண்கள் சர்வதேச டி20-இல் ஓர் அணி ஒற்றை இலக்கத்தில் சுருண்டது அதுவே முதல் முறை. அன்று நம் குழுவில் பறந்த மீம்களுக்கு அளவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019 முதல் ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) உறுப்பு நாடுகள் மோதும் எல்லா டி20-க்கும் சர்வதேச அந்தஸ்து உண்டு, ஆகவே நேற்று பேட் பிடித்த நாட்டின் ஸ்கோரும் சாதனைப் பட்டியலில் ஏறிவிடும். 264 ரன் வெற்றியை வைத்து நைஜீரியா வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

வளர்ச்சி தெரிந்தது ஜனவரி 20 அன்று, மலேசியாவின் கூச்சிங்கில். 19 வயதுக்குட்பட்ட பெண்கள் டி20 உலகக் கோப்பையில் நைஜீரியப் பெண்கள் நியூசிலாந்தை 2 ரன்னில் தோற்கடித்தார்கள். மழை ஈரத்தால் ஆட்டம் 13 ஓவராகக் குறைந்தது. கேப்டன் லக்கி பயட்டியின் அணி எடுத்தது 65 மட்டும், அதைக் காப்பாற்ற கடைசி ஓவரை வீசியவர் லிலியன் உடே, நியூசிலாந்து 63-இல் நின்றுபோனது. அடுத்த கட்டமான சூப்பர் சிக்ஸுக்கும் போனார்கள். பெரிய ஸ்கோர் அடித்து ஜெயிப்பது ஒரு வகை, 65-ஐ வைத்துக்கொண்டு பதறாமல் பந்து வீசுவது வேறு வகை, அதற்குப் பயிற்சி வேண்டும், அதைவிட நிறைய ஆட்டம் வேண்டும்.

புதிய உறுப்பினர்கள் பலர் இங்கே கிரிக்கெட்டே நம்மால் வந்தது என்கிற மாதிரி பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் பழைய கதை. 1904-லேயே லாகோஸில் கோல்ட் கோஸ்டுடன், அதாவது இன்றைய கானாவுடன், ஆட்டம் நடந்திருக்கிறது. அப்புறம் நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா நான்கும் சேர்ந்து ‘மேற்கு ஆப்பிரிக்கா’ என்ற ஒரே அணியாக 1976-இல் ஐசிசியில் சேர்ந்தன. 1982, 1994, 1997 ஐசிசி கோப்பைகளில் அந்த அணி ஆடியது. 2001-இல் கனடாவுக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் போட்டியே போனது. (விசாவுக்கு வரிசையில் நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு, விளக்கத் தேவையில்லை.) 2000-களின் தொடக்கத்தில் கூட்டணி கலைந்து அவரவர் தனி வழி.

தனியாக வந்த பிறகும் சட்டென்று எதுவும் நடக்கவில்லை. 2019-இல் நைஜீரியாவின் இளையோர் அணி ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில் சியரா லியோனை வீழ்த்தி 2020-இன் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போனபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. அதே 2019-இல் ஜிம்பாப்வே இடைநீக்கம் செய்யப்பட, அந்த இடத்தில் ஆண்கள் அணி அமீரகத்தில் டி20 தகுதிச் சுற்று ஆடியது, எல்லா ஆட்டத்திலும் தோற்றது. தோற்றாலும் போனார்களே, அது பெரிது. 2021-இல் பீட்டர் அஹோ சியரா லியோனுக்கு எதிராக 5 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தது அப்போதைய உலக சாதனை. பயிற்சியாளராக இலங்கையின் 1996 உலகக் கோப்பை வீரர் அசங்க குருசிங்க இங்கே வந்தார், பின்னர் கென்யாவின் ஸ்டீவ் டிகோலோ. வளைகுடா அணிகள் பலவற்றில் நம் தெற்காசியப் பக்கத்துப் பெயர்களே நிறைந்திருக்கும், இங்கே அப்படி இல்லை, அணியில் பெரும்பாலோர் இந்த மண்ணின் பிள்ளைகள். எனக்கு இந்த அணியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, நமக்கு வருவோம். நாம் என்ன செய்கிறோம்? உள்ளூர்ப் பையன்களை நெட்டில் பந்து வீசக் கூப்பிடுகிறோம், காசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பேட்டிங் நமக்கு, வெயிலில் ஓடுவது அவர்களுக்கு. இது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த சீசனிலிருந்து நம் பதினொருவரில் நான்கு இடம் உள்ளூர் இளைஞர்களுக்கு என்று செயற்குழுவில் முன்மொழிந்தேன். மூத்தவர்கள் சிலர், “சந்தா கட்டுகிறவன் வெளியே உட்காரணுமா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் சந்தா கட்டிவிட்டு கோ-ஸ்லோவில் (இவ்வூர்ப் போக்குவரத்து நெரிசலில்) மாட்டி டாஸுக்கு அப்புறம் வந்து சேர்கிறவர்களே அதை அதிகம் கேட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். முடிவு பொதுக்குழுவின் கையில்.

நிதி: இந்நாட்டு நாணயமான நைரா விழுந்ததிலிருந்து இறக்குமதிப் பந்தின் விலையைச் சொன்னால் யாரும் சிக்ஸர் அடிக்க மாட்டீர்கள். பொருளாளர் கணக்கைத் தனியாக வாசிப்பார். பழைய மேட், பேட், கால் பேடுகளை லாகோஸின் மெயின்லேண்ட் பகுதியில் கிரிக்கெட் சொல்லித்தரும் ஓர் அரசுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டோம், பெண்கள் அணிக்கும் சேர்த்துத்தான். கிழிந்த கையுறைகளைத் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள், அவை குப்பை, நன்கொடை ஆகாது.

நான்கு இட முன்மொழிவின் மீது இன்றே வாக்கெடுப்பு. சந்தா பாக்கி உள்ளவர்கள் வாக்களிக்கும் முன் பொருளாளரைப் பார்த்துவிடவும்.

செயலாளர்