தண்ணீர் குடித்த குழி

காவேரிப்பட்டினம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டியது குட்டையன் வழியாகக் காதுக்கு வந்தது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மாடுகள் பன்னிரண்டாகிவிட்டன, என் தலைமுடிதான் குறைகிறது. இப்போது எழுதுவதும் வெறும் பாசத்தால் அல்ல. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிய உன் மூளை எனக்கு உடனே வேண்டும்.

கொட்டகையில் வேலை செய்யும் இரண்டு குடும்பங்களுக்கும் கழிப்பறை கட்டுகிறோம். கொத்தனார் வந்தார், செருப்புக் காலால் மண்ணைக் கிளறினார், "கழிவுநீரை மண் உறிஞ்ச ஒரு குழி, அதற்கு ஏழு சிமெண்ட் உறை இறக்கினால் போதும்" என்றார். அவருக்கு எல்லா நோய்க்கும் மருந்து உறைதான். எனக்கோ, மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பார்க்க நீ அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன சோதனை நினைவுக்கு வந்தது. மூன்று இடத்தில் குழி வெட்டினேன். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி. இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவிட்டு, காலையில் அரை அடி தண்ணீர் வைத்து, பேரனின் ஸ்கேலும் கையில் கடிகாரமுமாகக் குந்தினேன். வீட்டுக்காரி, கிழவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊருக்கே சொல்லியாயிற்று.

மாடுகள் நிற்கும் பள்ளத்தில் களிமண். அரை மணி நேரத்தில் 8 மில்லிமீட்டர்தான் இறங்கியது. 25 இறங்க ஒரு மணிக்கு மேலானால் உறிஞ்சு குழியை மறந்துவிடு என்று நீயே சொல்லியிருக்கிறாய், மறந்துவிட்டேன். மேட்டில், மாந்தோப்பு ஓரம், சரளை கலந்த செம்மண். 25 மில்லிமீட்டருக்குப் பதினெட்டு நிமிடம். மூன்றாவது குழி கொட்டகைக்குக் கீழே. மூன்றடி மண்ணுக்கு அடியில் உதிர்ந்த பாறை. ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "குடிகாரன் போலக் குடிக்கிறது பாருங்கள்! இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்று கொத்தனார் துள்ளினார். அண்ணனுக்கும் மகிழ்ச்சி, குழாய்ச் செலவு மிச்சம் அல்லவா?

எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. குடித்த தண்ணீர் எங்கே போயிற்று? சரிவில் எழுபது அடி தள்ளி நம் கிணறு இருக்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் 18 மீட்டர், அதாவது அறுபது அடி இருந்தால் போதும் என்பது கணக்கு. அண்ணன் டேப்பைப் பிடித்துக்கொண்டு "பத்தடி அதிகமாகவே இருக்கிறது" என்கிறார். மண்ணாக இருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். மெல்ல இறங்கும்போதுதானே மண் கிருமியைப் பிடித்து வைக்கும்? பாறை இடுக்குக்கு வடிகட்டத் தெரியுமா? அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் மடி கழுவுகிறோம், கேன் கழுவுகிறோம், அந்தக் குழந்தைகள் குடிக்கவும் செய்கிறார்கள். போன ஆடியில் சின்னவளுக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு. காரணம் கிணறுதான் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனாலும் அன்று முதல் வாளியைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

நம் கறைபடிந்த பல்லை நினைத்துப் பார். பெங்களூரில் உன்னைப் பெண் பார்க்க அழைத்துப்போனபோது, "மாப்பிள்ளை பாக்குப் போடுவாரோ?" என்று கேட்டார்களே! பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் இறங்குகிறது என்று நமக்கு அப்போது யார் சொன்னது? 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வந்தபோது நம் பல் மாறும் வயது தாண்டி நாற்பது வருடம் ஆகிவிட்டது. அது பாறை செய்தது. இது நான் செய்யப்போவது.

இன்னொரு கூத்து. கறவைக் கொட்டகை கழுவும் தண்ணீரையும் கழிப்பறையின் செப்டிக் தொட்டியிலேயே விட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். அதில் சோப்பு, ஆசிட், சிந்திய பால் எல்லாம் இருக்கின்றன. அழுகும்போது ஆக்சிஜனை இழுக்கும் கணக்கில் பால் வீட்டுச் சாக்கடையைவிடப் பல நூறு மடங்கு வீரியம். கொழுப்பு போய் மண்ணின் வாயை அடைத்துவிடும். அது தனி வாய்க்காலில் மாட்டுத் தீவனமான நேப்பியர் புல்லுக்குப் போகட்டும், சாணம் எப்போதும்போல எரிவாயுக் கலனுக்கு என்று முடித்துவிட்டேன். இதில் மட்டும் அண்ணன் தலையாட்டினார், புல் கிடைக்கும் என்பதால்.

ஆக, மிச்சம் இருப்பது மேட்டுச் செம்மண். ஆனால் கழிவுநீர் மேட்டுக்கு ஏறாது. பம்பு வைத்தால் மின்சாரம் போகும் நாளில் நாறும். கழிப்பறையையே மேட்டுக்குக் கொண்டுபோனால், அய்யன் வைத்த பெங்களூரா மாமரம் இரண்டைச் சாய்க்க வேண்டும். அந்தப் பேச்சை எடுத்ததிலிருந்து அண்ணன் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. மரத்தைக் காப்பாற்றி, குழியைப் பக்கவாட்டில் நீளமான வாய்க்காலாகப் போட முடியுமா? வேர் குழாய்க்குள் நுழையுமா? நீ வந்து மட்டம் பார்த்துச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும். நான் சொன்னால் படித்த திமிர், நீ சொன்னால் அண்ணனுக்கு வேதவாக்கு.

வெள்ளிக்கிழமை ஜேசிபி வருகிறது. புதனுக்குள் வந்துவிடு. வண்டியைக் கொட்டகைப் பக்கம் நிறுத்தாதே, அதுதான் அந்த எட்டு மில்லிமீட்டர் களிமண். போன முறை டிராக்டர் கட்டி இழுத்தது நினைவிருக்கும்.

உன்,
மூக்குப்பொடி