ஆன் பண்ணிப் பார்க்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

லேப்டாப்பில் காபியைக் கொட்டிவிட்டு நேற்று இரவு போனில் நீ சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒரே கேள்விதான்: எப்போது ஆன் பண்ணிப் பார்க்கலாம்? "இப்போது வேண்டாம்" என்றேனே தவிர, ஏன் என்று நான் சொல்லவில்லை. பதறிக்கொண்டிருப்பவளிடம் காரணம் சொன்னால் காதில் ஏறாது. கை மட்டும் அந்தப் பட்டன் பக்கமே போய்க்கொண்டிருக்கும். நனைந்த போர்டுகளை, அதாவது லேப்டாப்புக்குள் சிப்புகள் பதிந்திருக்கும் பலகைகளை, கழுவுவதும் சாலிடர் வைப்பதும்தான் உன் அம்மாவின் பிழைப்பு. என் மேஜைக்கு வருபவற்றில், கொட்டியதால் மட்டும் செத்தவை குறைவு. கொட்டிய பிறகு ஆன் பண்ணிப் பார்த்ததால் செத்தவைதான் அதிகம்.

ஸ்க்ரூடிரைவர் கிடைத்துவிட்டது என்று காலையில் மெசேஜ் பார்த்தேன். நல்லது. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நீ நேற்று செய்தது பெரும்பாலும் சரி. சார்ஜரைப் பிடுங்கினாய். சேமிக்காத பக்கங்கள் போனாலும் போகட்டும் என்று பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடித்தாய். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சேவ் பண்ணி, திறந்திருப்பதையெல்லாம் மூடி, முறையாக ஷட் டவுன் பண்ணலாம் என்று இழுப்பார்கள். போர்டு போவது அந்த ஒரு நிமிடத்தில்தான். மவுஸின் ரிசீவர், பென்டிரைவ் எதுவும் இன்னும் செருகியிருந்தால் கழற்றிவிடு. காபி அடாப்டர் மீதும் சிந்தியிருந்தால், சுவரில் சுவிட்சை அணைத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். லேப்டாப்புக்குள் வருவது பெரும்பாலும் 20 வோல்ட்டை ஒட்டித்தான். அடாப்டருக்குள் ஓடுவதோ சுவரிலிருந்து நேராக வரும் மின்சாரம்.

சரி, ஏன் ஆன் பண்ணக் கூடாது? சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் நாம் குடிக்கிற எதுவும் அவ்வளவு சுத்தம் இல்லை. உப்புகளோ அமிலமோ ஏதாவது ஒன்று கரைந்திருக்கும். போர்டில் சிப்புகளின் கால்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. அந்த இடத்தில் ஈரம் பாலம் போட்டு, அந்த நேரம் பார்த்து மின்சாரமும் வந்தால் ஷார்ட் ஆகும். இது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அதைவிட மோசமானது ஒன்று சத்தமில்லாமல் நடக்கும். பள்ளி ஆய்வகத்தில் சாவிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பாயே, ஒரு பக்கத் தகட்டிலிருந்து செம்பு கரைந்து சாவிக்குப் போய்ச் சேரும், அதே மின்பகுப்புதான் இங்கேயும். வோல்டேஜ் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஈரம் இருந்தால் நேர்மின் பக்கத்து உலோகம் கரையத் தொடங்குகிறது. தலைமயிரைவிட மெல்லிய செம்புத் தடங்கள், எத்தனை நேரம் தாங்கும்? மின்சாரம் இல்லாத போர்டும் அரிக்கும்தான், ஆனால் மெதுவாக. மின்சாரம் இருந்தால் அது பல மடங்கு வேகம் எடுக்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆஃப் பண்ணினாலும் போர்டு முழுசாக அணைவதில்லை. பட்டனை மறுபடி யாராவது அழுத்துகிறார்களா, சார்ஜர் செருகினார்களா என்று கவனிப்பதற்கென்றே ஒரு பகுதி எப்போதும் விழித்திருக்கும். அதற்கு வேண்டிய 3.3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ பேட்டரியிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். பழைய லேப்டாப்பில் அடியில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வரும். உன்னுடையதில் அது உள்ளே இருக்கிறது. அதனால், விபத்துச் சேதத்துக்கென்று தனித் திட்டம் எதுவும் நீ எடுக்கவில்லை என்றால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அடிமூடியைத் திற. எப்படி என்று சொல்கிறேன்.

மேஜைமேல் துணி விரித்து லேப்டாப்பைக் கவிழ்த்து வை. ஒரு தாளில் அடிப்பக்கத்தின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே தாளில் வை. எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டையே குத்திவிடும். எல்லாவற்றையும் கழற்றியும் மூடி அசையவில்லை என்றால் ரப்பர் கால்களுக்கு அடியில் பார், அங்கே ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம். பிறகு ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டை விளிம்பில் விட்டு மெதுவாக நெம்பு. உள்ளே தட்டையாகப் பெரிதாக இருப்பது பேட்டரி. அதிலிருந்து போர்டுக்குப் போகும் கனெக்டரைத்தான் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்காதே, கனெக்டரின் உடலைப் பிடி. உலோகத்தாலான எதையும் அங்கே கொண்டு போகாதே, நகமே போதும். நாணயம் போல வட்டமாக ஒரு சிறு பேட்டரி கழற்றும்படி இருந்தால் அதையும் எடுத்துவிடு. பெரிய பேட்டரி உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, இனிப்பான ஒரு ரசாயன வாடை வந்தாலோ கை வைக்காமல் தள்ளி வந்து எனக்குப் போன் செய். நனைந்த லித்தியம் பேட்டரியைக் குத்துவதோ வளைப்பதோ விளையாட்டில்லை.

திறக்க முடியவில்லை, பயமாக இருக்கிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கே யாரிடமாவது கொண்டு போ. நாளைக்கு என்று தள்ளாதே.

இப்போது அண்ணனின் அரிசி யோசனை. அவன் அக்கறையில்தான் சொன்னான், ஆனாலும் வேண்டாம். திறந்த காற்று செய்யாத எதையும் அரிசி செய்துவிடாது. சிப்புக்கு அடியில் போன ஈரத்தை அது உறிஞ்சி எடுக்கவும் முடியாது. தூசியும் துகளும்தான் ஓட்டைகளுக்குள் போய்ச் சேரும். 2024-இல் ஆப்பிள் நிறுவனமே நனைந்த ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதிவைக்க வேண்டியதாயிற்று. ஹேர் டிரையர் அதைவிட மோசம். சூட்டில் கீபோர்டு நெளியும், காற்றின் வேகம் வெளியே வர வேண்டியதை இன்னும் உள்ளே தள்ளும். வெயிலில் வைக்கும் எண்ணமும் வேண்டாம், பேட்டரிக்கும் திரைக்கும் ஆகாது. நேற்று நான் சொன்னபடி கூடாரம் போலக் கவிழ்த்து வைத்தாயே, அது போதும். திரைப் பக்கம் சரிக்காதே, காபி கீல் வழியாகத் திரைக்குள் போனால் அது தனிச் செலவு. எதிரே ஒரு ஃபேன் மெதுவாக ஓடட்டும். உதறவும் வேண்டாம், இதுவரை நனையாத இடத்துக்கும் காபி போய்விடும்.

திங்க்பேட் மாதிரிச் சில மாடல்களில் கீபோர்டில் விழுந்ததை அடியில் வடித்துவிட ஓட்டைகளே இருக்கின்றன. அது சிறு அவகாசம் தரும் ஏற்பாடு, அவ்வளவுதான். அதை நம்பி டம்ளரை விசைகளுக்குப் பக்கத்தில் வைப்பவர்களை எனக்குத் தெரியும்.

"48 மணி நேரம் காயவைத்தால் சரியாகிவிடும்" என்று உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். வெறும் தண்ணீர், அதுவும் கொஞ்சம் என்றால் பல நேரம் அது உண்மைதான். உன்னுடையது பாலும் சர்க்கரையும் போட்ட காபி. தண்ணீர் ஆவியாகும், சர்க்கரை ஆவியாகாது. பாலின் கொழுப்பும் உப்பும் அங்கேயே படியும். அந்தப் பிசுபிசுப்பு காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கோலா என்றால் பாஸ்பாரிக் அமிலமும் சேரும். ஆகவே காய்ந்த போர்டு வேறு, சுத்தமான போர்டு வேறு. எங்களிடம் வருகிற நிறைய லேப்டாப்கள் காய்ந்த பிறகு நன்றாக ஓடி, சில வாரம் கழித்துத் திடீரென்று படுத்தவைதான். திறந்து பார்த்தால் கனெக்டர்களைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கும்.

கழுவ வேண்டும். எதால்? ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 90 சதவீதத்துக்கு மேல், 99 கிடைத்தால் இன்னும் நல்லது. 70 சதவீதம் என்று போட்டிருப்பதில் மீதி பெரும்பாலும் தண்ணீர். சானிடைசர் ஜெல்லை எடுத்துத் தடவிவிடாதே, அதில் கிளிசரின் போன்றவை கலந்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷை இதில் நனைத்துக் கறை தெரிகிற இடத்தில் மெதுவாகத் தேய்த்தால் படிந்தது விட்டு வரும், பிறகு ஆல்கஹால் தானாகப் பறந்துவிடும். பேட்டரி கழன்றிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, திரையில் படக் கூடாது. பெரிய சிப்புகளின் அடியில் போனதை உன் பிரஷ் எட்டாது. அதற்குத்தான் நாங்கள் போர்டைத் தனியே எடுத்து ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுகிறோம். உன் விஷயத்தில் போர்டு வரைக்கும் காபி போயிருந்தால் நீயாக முயலாமல் கடைக்குக் கொடுப்பதே என் யோசனை.

கொடுக்கும்போது ஒன்றை மட்டும் கேள்: போர்டைத் திறந்து கழுவுவீர்களா, அல்லது நேராகப் போர்டை மாற்றச் சொல்வீர்களா? பல சர்வீஸ் சென்டர்களில் இரண்டாவதுதான் வழக்கம், அந்தத் தொகைக்குப் பாதி புதிய லேப்டாப்பே வந்துவிடும். போர்டிலேயே வேலை பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடு. "ஆன் பண்ணிப் பார்க்கிறேன், வருதா பார்ப்போம்" என்று கவுன்டரிலேயே பட்டனை அழுத்துகிறவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடு.

என்ன கொட்டியது, எப்போது, எவ்வளவு என்று உள்ளதைச் சொல். தண்ணீர்தான் என்று சொல்கிறவர்கள் ஏராளம், எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாரன்டிக்காகவா? சாதாரண வாரன்டியில் திரவச் சேதம் சேராது. பல மாடல்களில் ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் சிறு ஸ்டிக்கர்களே உள்ளே ஒட்டியிருக்கும். நீ வாங்கியபோது விபத்துச் சேதத்துக்கென்று தனித் திட்டம் ஏதாவது எடுத்தாயா என்று ரசீதைப் பார். எடுத்திருந்தால், மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன்னால் அவர்களிடம் பேசு. மூடியைத் திறக்கலாமா என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்.

உன் ஆய்வேட்டைப் பற்றி நீ அழுதாய். அதற்கு லேப்டாப் உயிரோடு வர வேண்டிய அவசியமே இல்லை. உன் மாடலில் பைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை அளவில் ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். அதைக் கழற்றித் துடைத்து, காய்ந்து சுத்தமாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, யுஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் தெரியும். பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பெரும்பாலும் அது உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும், போனிலேயே போய்ப் பார்த்து எழுதி வை. இப்போதைய மேக்புக் என்றால் இந்த வழி கிடையாது. சேமிப்பே போர்டோடு ஒட்டியது, பூட்டும் அதன் சிப்பிலேயே இருக்கும், போர்டை எழுப்பினால்தான் பைல் வரும். அந்த விதத்தில் நீ பிழைத்தாய். எனவே முதலில் பைல்கள், அப்புறம்தான் லேப்டாப்பை எழுப்பும் வேலை. இந்த வரிசையை மாற்றாதே.

எல்லாம் முடிந்து லேப்டாப் உயிர் பெற்று, சில விசைகள் மட்டும் வேலை செய்யாமலோ தானாக எழுத்தைக் கொட்டிக்கொண்டோ இருந்தால் பயப்படாதே. கீபோர்டு மாற்றக்கூடியது. சில மாடல்களில் மேல் சட்டத்தோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகி ஆய்வேட்டை எழுதி முடி.

மூடியைத் திறந்ததும், துடைப்பதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் போர்டைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. கறை எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், நீயே துடைக்கலாமா கடைக்குப் போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா