மீனவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, மூதூர்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

நிர்வாகக் குழு மாதம் ஒரு தடவை கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது பெரும்பாலும் ஆற்று மணலைப் பற்றித்தான்.

மாரி வெள்ளம் வடிந்ததும் தை மாதத்தில் இரண்டு தோணிகளில் மகாவலி முகத்துவாரத்திலிருந்து மேலே போனோம். ஒரு வளைவில் கரையோர மருதமரம் வேரெல்லாம் வெளியே தெரிய ஆற்றுக்குள் சாய்ந்து நின்றது. வேருக்கடியில் துடுப்பை விட்டுப் பார்த்தோம். பிடிவரை உள்ளே போனது. "சின்னப் பொடியனாக இருக்கும்போது இதே இடத்தில் முழங்கால் தண்ணியில் நின்று வலை வீசினேன்" என்றார் எங்கள் மூத்த அங்கத்தவர். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

335 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு இது. 1976இல் பொல்கொல்ல, 1985இல் கொத்மலை, விக்டோரியா, அப்புறம் ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைகள் வந்தன. அணையில் தண்ணீர் தேங்கும்போது மணலும் பரல் என்ற சிறுகல்லும் அங்கேயே படிந்துவிடும். மதகைத் தாண்டி வரும் தெளிந்த தண்ணீர், வழியில் ஆற்றின் அடியையும் கரையையும் அரித்துக்கொண்டு போகும். சரி, வயலுக்குத் தண்ணீர் வேண்டும், அணைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் மிஞ்சிய மணலையும் டிப்பரில் ஏற்றி அனுப்பிவிட்டால் ஆற்றில் என்ன இருக்கும்?

மணல் போனால் மீனுக்கென்ன என்று கேட்கிறார்கள். திலாப்பியா ஆழமில்லாத மணலில் தட்டுப்போல வட்டக் குழி தோண்டித்தான் முட்டையிடும். போன தையில் அந்த வளைவில் ஒரு குழிகூடக் கண்ணில் படவில்லை. கொட்டியாரக்குடாப் பக்கம் வண்டல் படிந்தால்தான் கண்டல் மரம் வேர்பிடிக்கும், அதன் வேருக்குள்தான் இறால் குஞ்சு ஒதுங்கும்.

கலிபோர்னியாவில் டிரினிட்டி ஆற்றில் 1963இல் லூவிஸ்டன் அணை கட்டிய பிறகு, சால்மன் மீன் முட்டையிடும் பரல் கீழே வராமல் போனது. இப்போது அணைக்குக் கீழே பரலைக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள். இயற்கை வெள்ளம்போலத் தண்ணீரைத் திறந்துவிட்டு அதைப் பரவவும் வைக்கிறார்கள். அங்கே லொறி கொண்டுவந்து கொட்டுகிறது, இங்கே அள்ளிக்கொண்டு போகிறது. எனக்கு இது பெரிய வேதனை.

முகத்துவாரத்துக்குக் கிட்ட மணல் அள்ளுவதை நிறுத்தக் கேட்டு உரிய இடத்துக்கு இரண்டு தடவை கடிதம் கொடுத்தோம். பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில் நீங்கள் எல்லோரும் இன்று கையெழுத்து வைக்க வேண்டும். நாங்கள் நட்ட கண்டல் கன்றுகளில் பாதிக்கு மேல் மாடு தின்றுவிட்டது, அடுத்த தடவை வேலி போட்டுத்தான் நடுவோம்.

மருதமரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, ஆற்றடி மட்டத்துக்குச் சிவப்புக் குறி போட்டிருக்கிறோம். புதிய குழு அடுத்த தையில் போய் அதைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். துடுப்பையும் மறக்காமல் கொண்டு போங்கள்.

செயலாளர்