எஸ்டிபி1 என்று எழுதி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினியில் புது வன்தட்டைச் சேர்ப்பது பற்றிச் சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த குறிப்பு நல்ல நேரத்தில் வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனமில்லாத கோயில் அலுவலகங்களும் சங்கங்களும் லினக்ஸ் பக்கம் திரும்புவது இயல்பே. கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் 4 டெராபைட் வன்தட்டு ஒன்றை வாங்கி மாட்டினால் தைப்பூசப் படங்களுக்குப் பல வருடத்துக்கு இடம் இருக்கும். ஆனால் கணினி எழும்போது எந்த வட்டை எந்தக் கோப்புறையில் இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'எஸ்டிபி1' (எஸ்டிபி என்ற வட்டின் முதல் பகுதி) என்று எழுதச் சொல்லும் அந்தக் குறிப்பின் கடைசி வரியைத் திருத்தியாக வேண்டும்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை வன்தட்டின் நிலையான பெயர்கள் அல்ல. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் கண்ணில் படுகிற வரிசையில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கொடுக்கும் பெயர்கள். பென்டிரைவ் ஒன்று செருகியபடி இருந்தாலே வரிசை மாறலாம். கோலாலம்பூரின் மாலை இடிமழையில் மின்சாரம் போய் வந்து, கணினி தானாக எழும்போது நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகியிருக்கலாம். எழுதி வைத்த பெயரில் ஒன்றும் கிடைக்காவிட்டால், கணினியை எழுப்பும் நிரலான சிஸ்டம்டி 90 வினாடி காத்திருந்துவிட்டு அவசர நிலையில் போய் நின்றுவிடும். திரையில் கறுப்புதான் மிஞ்சும்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் காட்டச் சொல்லி, வன்தட்டின் மேல் ஒட்டியுள்ள தாளோடு ஒப்பிடுங்கள். 4 டெராபைட் அங்கே 3.6 என்றுதான் தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், லினக்ஸ் 1024ஆல் பெருக்குகிறது.

வட்டைப் பகுதிகளாகப் பிரிக்க, அதாவது பார்ட்டிஷன் போட, எனக்கு எஃப்டிஸ்க் கட்டளைதான் பிடிக்கும். இன்னொரு கட்டளையான பார்ட்டட் சொன்ன கணமே வட்டில் எழுதிவிடும். எஃப்டிஸ்க் 'டபிள்யூ' அடிக்கும்வரை எதையும் தொடாது, சந்தேகம் வந்தால் 'கியூ' அடித்து வெளியே வந்துவிடலாம். 'ஜி' அடித்தால், பகுதிகளின் விவரத்தைக் குறித்து வைக்கும் ஜிபிடி அட்டவணை. பழைய எம்பிஆர் அட்டவணை 2 டெபிபைட்டுக்கு (1024ஆல் பெருக்கிய டெராபைட்) மேல் எட்டாது என்பதால் 4 டெராபைட்டுக்கு ஜிபிடி கட்டாயம். பிறகு 'என்', மூன்று முறை எண்டர், 'டபிள்யூ'. தொடக்கம் 2048ஆம் செக்டர் என்று வரும், அதை மாற்ற வேண்டாம்.

அடுத்து எம்கேஎஃப்எஸ் கட்டளை கொண்டு அந்தப் பார்ட்டிஷனில் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பு. எண்ணில்லாமல் எஸ்டிபி என்று மட்டும் கொடுத்தால், ஜிபிடி அட்டவணை இருக்கிறதே, தொடரட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'ஒய்' அடித்தால் போட்ட பார்ட்டிஷன் போயிற்று. இன்னொன்று: இஎக்ஸ்டி4 தன் வழக்கப்படி 5 விழுக்காட்டை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கும். 4 டெராபைட்டில் அது 200 ஜிகாபைட். படங்கள் மட்டும் வைக்கும் வட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. '-எம் 1' சேர்த்தால் 40 ஜிகாபைட்டோடு போகும்.

இனி எஃப்எஸ்டேப். 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் யுயுஐடியை, அதாவது வரிசை மாறினாலும் மாறாத அடையாளத்தைத்தான் எழுத வேண்டும். இடைக்கோடுகளோடு 36 எழுத்து. கையால் தட்டாமல் நகலெடுங்கள். அதே வரியில் பார்ட்யுயுஐடி என்று இன்னொன்றும் நிற்கும், பலர் மாற்றி எடுப்பது அதைத்தான். வரியில் ஆறு பகுதிகள்: யுயுஐடி, கோப்புறை, இஎக்ஸ்டி4, 'டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்', 0, 2. வட்டு இல்லாவிட்டாலும் கணினி எழும்ப நோஃபெயில் உதவும். எழுதி முடித்ததும் ரீபூட் செய்து பார்க்கக் கூடாது. எஃப்எஸ்டேப்பில் உள்ள வட்டுகளை உடனே இணைக்கும், அதாவது மவுண்ட் செய்யும், 'மவுண்ட் -ஏ' கட்டளையைக் கொடுங்கள். நோஃபெயில் இருப்பதால் யுயுஐடி தவறாக இருந்தால் பிழைச்செய்தி வராமல் போகலாம், எனவே வட்டு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று 'எல்எஸ்பிஎல்கே'யில் பாருங்கள். பிழை இருந்தால் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிடும்.

நோஃபெயிலுக்கும் ஒரு குறை உண்டு. வட்டு மவுண்ட் ஆகாத நாளில் யாரும் கவனிக்காமல் படங்களை அதே கோப்புறையில் கொட்டுவார்கள். அவை சிஸ்டம் வட்டில் போய் நிரம்பும். மறுநாள் வட்டு சரியாக மவுண்ட் ஆனதும் அந்தப் படங்கள் அதற்கு அடியில் மறைந்துவிடும். அழியவில்லை, ஆனால் தேடினால் கிடைக்காது. மவுண்ட் செய்வதற்கு முன், வெறும் கோப்புறையாக இருக்கும்போதே, அதை மாற்ற முடியாதபடி பூட்டும் 'சிஹெச்ஏடிடிஆர் +ஐ' கட்டளையைக் கொடுத்துவிட்டால் வட்டில்லாத நாளில் யாராலும் அதில் எழுத முடியாது. பயனருக்கு உரிமை தரும் 'சிஹெச்ஓன்' மட்டும் மவுண்ட் ஆன பிறகு கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் அது பழைய கோப்புறைக்குத்தான் போய்ச் சேரும்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. இஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளே. 'தைப்பூசம்' என்ற ஒரு சொல்லே 27 பைட். விண்டோஸின் கோப்பு அமைப்பான என்டிஎஃப்எஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே நின்ற நீளமான பெயர், இங்கே நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று பாதியில் நிற்கும். ஆண்டு, விழா, வரிசை எண் என்று பெயர்களைச் சுருக்கிவிட்டு நகலெடுக்கத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்